பவளத் தொட்டிக்கு விளக்கு: வாட்டைப் பார்த்து வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பவளத் தொட்டி அமைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நன்னீர் மீன் வளர்ப்பைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆகவே அப்படியொரு கட்டுரைக்கு இடம் கொடுத்ததற்கே நன்றி சொல்ல வேண்டும். உப்புத்தன்மை, நீரோட்டம், வெப்பநிலை பற்றிய பகுதிகள் தெளிவாகவும் சரியாகவும் இருந்தன. ஆனால் விளக்கைப் பற்றிய பத்தியில் இருந்த இரண்டு அறிவுரைகள் திருத்தப்பட வேண்டியவை. லிட்டருக்கு இத்தனை வாட் என்று கணக்கிட்டு விளக்கு வாங்கலாம் என்பது ஒன்று. விளக்கு எவ்வளவு நீலமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்குப் பவளத்துக்கு நல்லது என்பது மற்றொன்று. பல ஆண்டுகளாகப் பவளம் வளர்த்து வருபவன் என்ற முறையிலும், தவறான விளக்கினால் பவளங்கள் மெல்ல மடிவதை நண்பர்களின் தொட்டிகளில் பார்த்தவன் என்ற முறையிலும் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில் விளக்கு நாம் பார்ப்பதற்காக எரிகிறது. ஒரு வாரம் அது எரியாவிட்டாலும் மீன் பிழைத்துக்கொள்ளும். பவளத் தொட்டியிலோ விளக்குதான் முதல் உணவு. பாறையைக் கட்டும் பவளங்களின் திசுவுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அவை பத்து லட்சத்துக்கும் மேல் இருப்பது இயல்பு. அவை ஒளிச்சேர்க்கை செய்து உண்டாக்கும் கரிமப் பொருளில் 90 விழுக்காடு வரை தாங்கள் தங்கியிருக்கும் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. பவளம் தன் கழிவான அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் அவற்றுக்குக் கொடுக்கிறது. சுண்ணாம்பு எலும்புக்கூட்டைக் கட்டும் வேகமும் இதையே சார்ந்திருக்கிறது. இருட்டில் நடப்பதைவிட வெளிச்சத்தில் அது பல மடங்கு விரைவாக நடக்கிறது. எனவே விளக்கைத் தேர்ந்தெடுப்பது என்பது, வாய் திறந்து கேட்க முடியாத ஓர் உயிருக்கு அன்றாடம் எவ்வளவு உணவு என்று நாம் தீர்மானிப்பதாகும். உருண்டைப் பாறையாக வளரும் போரைட்டிஸ் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அப்படி வளர்ந்ததை ஒரு மாதத் தவறான வெளிச்சத்தில் இழந்துவிடலாம் என்பதனால்தான் இந்த விஷயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் வாட் கணக்கைப் பார்ப்போம். வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பதன் அளவு. அந்த மின்சாரத்தில் எவ்வளவு ஒளியாக மாறுகிறது, எவ்வளவு வெப்பமாகப் போகிறது, ஒளியாக மாறியதில் எவ்வளவு தண்ணீருக்குள் இறங்குகிறது, எவ்வளவு அறையின் சுவரில் விழுகிறது என்பதையெல்லாம் அது சொல்லாது. எல்லோரும் ஒரே வகைக் குழல்விளக்கைப் பயன்படுத்திய காலத்தில் தோன்றிய கணக்கு அது. விளக்குகள் ஒன்றுபோல் இருந்ததால் வாட்டை ஒப்பிடுவதில் அப்போது ஓரளவுக்கு அர்த்தம் இருந்தது. இன்று மெட்டல் ஹாலைடு எனப்படும் 250 வாட் வாயு பல்பும், டி5 எனப்படும் மெல்லிய 54 வாட் குழல்விளக்குகளும், நூறு சிறு டயோடுகள் கொண்ட எல்.இ.டி. விளக்கும் ஒரே கடைத்தட்டில் இருக்கும்போது வாட்டை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. லிட்டரை வைத்துக் கணக்கிடுவது அதைவிடப் பொருத்தமற்றது. ஒரே 200 லிட்டர் தண்ணீரை 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள அகன்ற தொட்டியிலும் வைக்கலாம், 70 சென்டிமீட்டர் ஆழமுள்ள குறுகிய தொட்டியிலும் வைக்கலாம். இரண்டின் அடித்தரையிலும் விழும் வெளிச்சம் ஒன்றாக இருக்கவே முடியாது.

வாட் போதாது என்று உணர்ந்தவர்கள் அடுத்து லுமனையும் லக்ஸையும் நாடுகிறார்கள். நியாயமான முயற்சிதான், ஆனால் தவறான திசையில். லுமனும் லக்ஸும் மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்ட அளவைகள். நம் கண் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைத்தான் மிகக் கூர்மையாக உணர்கிறது. அந்த அலைநீளத்தில் ஒரு வாட் ஒளி 683 லுமன் என்று கணக்கிடப்படும். அதே ஒரு வாட் ஒளி 450 நானோமீட்டர் நீலமாக இருந்தால் ஏறத்தாழ 26 லுமன்தான். ஆனால் ஒளிச்சேர்க்கைக்குக் கணக்கில் வருவது ஒளித்துகள்களின், அதாவது ஃபோட்டான்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையில், மேலே சொன்ன நீல ஒளி பச்சை ஒளியின் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது. நம் கண்ணுக்கு இருபத்தாறில் ஒரு பங்காக மங்கித் தெரிவது பாசிக்கு ஏறக்குறைய முழு அளவு வெளிச்சம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல், நீல விளக்கு மங்கலாக இருக்கிறதே என்று அதன் விசையைக் கூட்டிக்கொண்டே போய்ப் பவளத்தைப் பொசுக்கியவர்கள் பலர். கைப்பேசியின் கேமராவைக் கொண்டு ஒளியை அளக்கும் செயலிகளும் இதே குழியில் விழக்கூடியவை. அவற்றை நம்பி நீல விளக்கை அளப்பது சரியன்று.

பவளத் தொட்டிக்குப் பொருத்தமான அளவை, 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எண்ணும் அளவை. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் கதிர்வீச்சு என்பதன் ஆங்கிலச் சுருக்கமாகப் ‘பார்’ என்று இதை வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களைப் பெருங்கூட்டமாக எண்ணும் அலகு) ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதே இதன் அளவு. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் மேகமற்ற நண்பகலில் இது 2000 அளவுக்கு எட்டும். கீழே இறங்க இறங்க இது விரைவாகக் குறைகிறது. தொட்டியில் வளர்ப்பவர்களிடையே நிலைத்துவிட்ட அளவுகள் வருமாறு: காளான் பவளங்களுக்கும் தோல் பவளம் போன்ற மென்பவளங்களுக்கும் 50 முதல் 150 வரை, யூஃபைலியா போன்ற பெரிய பாலிப் (பவளக் கூட்டத்தின் தனி உயிரி) கொண்ட கல்பவளங்களுக்கு 75 முதல் 200 வரை, அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் கொண்ட கல்பவளங்களுக்கு 200 முதல் 400 வரை. இவை கல்லில் எழுதிய எல்லைகள் அல்ல. ஒரே இனம் கடலில் இரண்டு மீட்டர் ஆழத்திலும் இருபது மீட்டர் ஆழத்திலும் வளரக்கூடும், அந்தந்த இடத்துக்கு அது பழகியிருக்கும். ஆனாலும் தொடங்குபவர் கையில் ஓர் எண் இருப்பது, ஒன்றுமே இல்லாமல் தடவிக்கொண்டிருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

‘அதிக வெளிச்சம், அதிக வளர்ச்சி’ என்ற நம்பிக்கை நெடுங்காலமாக நிலவுகிறது. ஒரு கட்டம் வரை அது உண்மை. மிகக் குறைந்த வெளிச்சத்தில் பாசி உண்டாக்கும் உணவு, பவளமும் பாசியும் சுவாசிப்பதற்கே போதாது. உண்டாக்குவதும் செலவாவதும் சமமாகும் ஒரு புள்ளி உண்டு. அதற்கு மேல் வெளிச்சம் ஏற ஏற ஒளிச்சேர்க்கையும் ஏறும். ஆனால் பெரும்பாலான பவளங்களில் சில நூறு மைக்ரோமோல்களிலேயே அது நிறைவடைந்துவிடுகிறது. அதற்கும் மேல் வரும் ஒளியைப் பாசியால் பயன்படுத்த முடியாது. வெப்பமாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாடும் திணறும்போது தீவிர வினைபுரியும் ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகி ஒளிச்சேர்க்கைக் கருவியையே சிதைக்கின்றன. கடைசியில் பவளம் தன் பாசிகளை இழந்து வெளிறிப்போகிறது. கடலில் வெப்ப அலைகளின்போது நிகழும் பெரும் வெளிறல்களிலும் வெப்பமும் கடும் வெளிச்சமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆகவே 700 மைக்ரோமோல் தரும் விளக்கை வாங்கியவர், 300 தரும் விளக்கை வாங்கியவரைவிடச் சிறப்பாக வளர்ப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மின்சாரத்தைக் கூடுதலாகச் செலவழிப்பார் என்பது மட்டும் உறுதி.

வெளிச்சத்தின் விசையோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 300 மைக்ரோமோல் வெளிச்சத்தை 8 மணி நேரம் கொடுப்பதும், 240 மைக்ரோமோலை 10 மணி நேரம் கொடுப்பதும் ஒரு நாளின் மொத்தக் கணக்கில் ஒன்றே. இரண்டும் சதுர மீட்டருக்கு 8.64 மோல். விசை குறைந்த விளக்கு வைத்திருப்பவர் நேரத்தைச் சற்று நீட்டலாம். ஆனால் 14, 15 மணி நேரம் என்று போவது பலன் தராது. இரவு என்பது பவளத்துக்கும் தேவை. பல பவளங்கள் தம் உணர்கொம்புகளை விரித்து இரை பிடிப்பதே இருட்டில்தான்.

இனி நிறத்துக்கு வருகிறேன். கட்டுரையின் இரண்டாவது அறிவுரை இதைப் பற்றியது. அதில் பாதி உண்மை இருக்கிறது. கடல்நீர் சிவப்பு ஒளியை மிக விரைவாக உறிஞ்சுகிறது. தெளிந்த கடலில் பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடுகிறது. நீலம்தான் ஆழம் வரை செல்கிறது. பவளப் பாசிகளும் அதற்கேற்பவே அமைந்துள்ளன. அவற்றிலுள்ள பச்சையம் ஏ, பச்சையம் சி2 ஆகியவை ஊதா முதல் நீலம் வரையுள்ள ஒளியையும், பெரிடினின் என்ற நிறமி நீலம் முதல் நீலப்பச்சை வரையுள்ள ஒளியையும் சிறப்பாக உறிஞ்சுகின்றன. லெப்டோசெரிஸ் இனப் பவளங்கள் 100 மீட்டருக்கும் கீழே, ஏறத்தாழ நீல ஒளி மட்டுமே எட்டும் ஆழத்திலும் வாழ்கின்றன. சிவப்பு ஒளியைத் தனியாகக் கொடுத்தால் ஸ்டைலோஃபோரா பிஸ்டிலாட்டா என்ற பவளத்தின் ஒளிச்சேர்க்கைத் திறன் நலிவதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே விளக்கின் ஒளியில் 420 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள பகுதி வலுவாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் ‘நீலமாகத் தெரிவது’ என்பதும் ‘நீலப் பகுதி வலுவாக இருப்பது’ என்பதும் வேறு வேறு. விளக்குப் பெட்டியின் மேல் 10,000 கெல்வின், 14,000 கெல்வின், 20,000 கெல்வின் என்று அச்சிட்டிருப்பது, அந்த ஒளி மொத்தத்தில் நம் கண்ணுக்கு எந்தச் சாயலில் தெரியும் என்பதைத்தான் சொல்கிறது. ஒரே கெல்வின் எண்ணைக் கொண்ட இரண்டு விளக்குகளின் நிறமாலை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற பங்கீடு, முற்றிலும் வேறாக இருக்க முடியும். ஒன்றில் 420 நானோமீட்டரில் நல்ல செழிப்பு இருக்கும். மற்றொன்றில் அந்தப் பகுதியே காலியாக இருந்து, 460-இல் மட்டும் ஒரு கூர்முனை எழுந்து நிற்கும். எனவே வாங்குபவர் கேட்க வேண்டியது கெல்வின் எண்ணை அன்று, நிறமாலை வரைபடத்தை. அதை வெளியிட மறுக்கும் நிறுவனத்தின் விளக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்றைய பவளத் தொட்டிகள் இவ்வளவு நீலமாக இருப்பதற்குப் பாசியின் தேவை மட்டும் காரணமல்ல. நம் கண்ணின் விருப்பமும் காரணம். பவளங்களின் திசுவில் ஒளிர்புரதங்கள் உள்ளன. அவை நீல ஒளியை விழுங்கிப் பச்சையாகவும் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் உமிழ்கின்றன. இத்தகைய புரதத்தை முதன்முதலாக ஒரு ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்தவர் ஒசாமு ஷிமோமுரா. அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே குடும்பத்துப் புரதங்கள் பவளங்களிலும் உண்டு என்பது 1999-இல் வெளிவந்தது. இன்னொரு நோபல் பரிசும் நம் தொட்டிகளுக்கு மேல் தொங்குகிறது: திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகியோருக்கு 2014-இல் இயற்பியல் பரிசு வழங்கப்பட்டது. நீல டயோடும் ஒளிர்புரதமும் சந்தித்தபோது கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள் பிறந்தன. அந்த அழகை நானும் விரும்புகிறேன். மாலையில் வெள்ளை டயோடுகள் அணைந்து நீலம் மட்டும் எஞ்சும் நேரத்தில் தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஆனால் அந்த ஒளிர்வு பவளத்தின் நலத்துக்கு அத்தாட்சி ஆகாது. உடல்நலம் குன்றி, பாசிகளைப் பாதிக்கு மேல் இழந்த பவளம்கூட நீல ஒளியில் பளபளக்கும். பாசியின் பழுப்பு நிறம் மறைந்ததால் முன்னைவிடப் பிரகாசமாகத் தெரிவதும் உண்டு. ஊதா, நீலம் போன்ற சில அழகிய நிறங்கள் ஒளிராத நிறப்புரதங்களால் உண்டாகின்றன. அவை முழு நிறமாலையுள்ள ஒளியில்தான் உள்ளபடி தெரியும். தொட்டியில் போதிய அளவு வெள்ளை ஒளியும் இருந்தால்தான் திசு உரிவதையும், ஒட்டுண்ணிப் புழுக்களையும், பாறைமேல் படரும் வேண்டாத பாசியையும் காலத்தோடு கண்டுபிடிக்க முடியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: விற்பனைக்கு வைக்கப்படும் பவளங்களின் படங்கள் பெரும்பாலும் முழு நீல ஒளியில் எடுக்கப்படுகின்றன. அவற்றைப் பார்த்து வாங்குபவர் வீட்டில் வெள்ளை ஒளியில் அதே பவளம் பழுப்பாகத் தெரிவதைக் கண்டு விளக்கைக் குறை சொல்கிறார். பிறகு விளக்கை மாற்றுகிறார். அந்த மாற்றமே பவளத்தைக் கொன்றுவிடுகிறது.

எந்த வகை விளக்கு என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. மெட்டல் ஹாலைடு விளக்கின் ஒளி ஆழம் வரை சென்று, கடலடியில் காண்பதைப் போன்ற அசையும் ஒளிக்கோடுகளைப் பாறைமேல் வரையும். 1980-களில் ஜெர்மானியர்கள் அக்ரோபோராவை வளர்த்துக் காட்டியது இந்த விளக்கின் துணையால்தான். ஆனால் அது தண்ணீரைச் சூடாக்கும். பவளங்களுக்கு ஏற்ற 24 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருக்கக் குளிரூட்டி தேவைப்படும். இரு முனைகளிலும் மின்னிணைப்புள்ள பல்புகளுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம். டி5 குழல்கள் வெளிச்சத்தை மிகச் சீராகப் பரப்புகின்றன. கிளைகளின் அடிப்பகுதியும் நிழலில்லாமல் நிறம்பெறும். இவ்விரண்டு வகையிலும் ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை பல்பையோ குழலையோ மாற்ற வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாமலே ஒளியின் அளவும் நிறமும் இறங்கிவிடுகின்றன. மேலும், பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் கீழ், பொதுப் பயன்பாட்டுக்கான பாதரசக் குழல்விளக்குகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2027-க்குள் நிறுத்துவதென 2023-இல் நாடுகள் ஒப்புக்கொண்டுள்ளன. தொட்டிக்கான சிறப்புக் குழல்களும் காலப்போக்கில் அரிதாகும் என்றே எதிர்பார்க்க வேண்டும். ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு எல்.இ.டி. விளக்கையே சொல்வேன். அதன் விசையையும் நிறத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம் என்பது அதன் பெரும் வலிமை. தொடங்குபவர் கையில் அதுவே ஆபத்தும்கூட. தினமும் ஒரு நிறத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் பவளம் எதற்கும் பழகாது.

எல்.இ.டி. விளக்கில் கவனிக்க வேண்டியது பரவல். டயோடுகள் ஒரு சிறிய இடத்தில் குவிந்திருந்தால் அதற்கு நேர்கீழே 500, ஒரு சாண் தள்ளி 120 என்று இருக்கும். குறுகிய கோணமுள்ள லென்ஸ் ஒளியை ஆழத்துக்குக் கொண்டுபோகும், ஆனால் வட்டம் சிறுத்துவிடும். அகன்ற கோண லென்ஸ் பரப்பும், ஆனால் ஓரங்களில் கண்ணாடிக்கு வெளியே சிந்தும். விளக்கைச் சற்று உயர்த்திக் கட்டினால் உச்ச அளவு குறைந்து பரவல் சீராகும். நீண்ட தொட்டிக்கு ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சிறிய விளக்குகள் பெரும்பாலும் மேலானவை. அக்ரோபோராவின் மேற்கிளைகள் அடர்ந்து வளர்ந்தபின் கீழ்க்கிளைகள் இருட்டில் வெறுமையாகி உரியத் தொடங்குவதைத் தடுக்கவும் இதுவே வழி. பல திசைகளிலிருந்து வரும் ஒளி நிழலை உடைக்கிறது.

அளப்பதைப் பற்றிச் சில சொற்கள். தண்ணீருக்குள் இறக்கக்கூடிய பார் மானியை ஒவ்வொருவரும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. வளர்ப்போர் சங்கங்களிலும் சில கடைகளிலும் வாடகைக்கோ இரவலாகவோ கிடைக்கும். பவளம் இருக்கும் அதே இடத்தில், அதே உயரத்தில், நீரோட்டப் பம்புகளைச் சற்று நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். மானியைத் தேர்வதிலும் எச்சரிக்கை தேவை. பழைய வகை உணரிகள் நீலப் பகுதியைக் குறைத்தே காட்டும், எல்.இ.டி.க்களின் காலத்துக்கு முழு நிறமாலை உணரியே ஏற்றது. காற்றில் அளப்பதற்காக அமைந்த உணரியைத் தண்ணீரில் இறக்கினாலும் அளவு குறைந்து காட்டும். அதற்கான திருத்தக் காரணியைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துப் பெருக்கிக்கொள்ள வேண்டும். தொட்டியின் குறுக்கும் நெடுக்கும், மேலும் கீழும் அளந்து ஒரு தாளில் குறித்து வைத்தால், எந்தப் பவளம் எங்கே என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அந்தத் தாளே பதில் சொல்லிவிடும். பழைய விளக்கைக் கழற்றுவதற்கு முன்பும் ஒருமுறை அளந்துவிடுங்கள். புதிய விளக்கை அந்தப் பழைய அளவிலேயே எரியவிட்டு, அங்கிருந்து நான்கு முதல் ஆறு வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்துவதே பாதுகாப்பானது. பாசிகள் தம் நிறமியைக் கூட்டியோ குறைத்தோ புதிய வெளிச்சத்துக்குப் பழக நாட்களும் வாரங்களும் எடுத்துக்கொள்கின்றன. அவசரம் நமக்குத்தானே ஒழிய அவற்றுக்கு இல்லை.

விளக்கையே தொடாமல் வெளிச்சம் மாறிவிடுவதும் உண்டு. கரைந்த கரிமப் பொருளால் தண்ணீர் லேசாக மஞ்சளாகும்போது நீல ஒளியே முதலில் அடிபடுகிறது. மாதக்கணக்கில் அப்படி இருந்த தொட்டியில் ஒரே நாளில், நீரின் கறையை உறிஞ்சும் செயலூட்டிய கரியை நிறையப் போட்டால், தண்ணீர் பளிங்காகிப் பவளத்தின் மேல் திடீரென வெளிச்சம் கூடிவிடும். லென்ஸிலோ மூடிக் கண்ணாடியிலோ படிந்த உப்பைப் பல மாதங்களுக்குப் பின் துடைத்தாலும் இதுவே நடக்கும். வாரந்தோறும் துடைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

பவளம் பேசாவிட்டாலும் தெரிவிக்கும். வெளிச்சம் போதாதபோது பாசிகள் பெருகித் திசு பழுப்பாகும். மென்பவளங்கள் தண்டை நீட்டி ஒளியை நோக்கி வளரும். வெளிச்சம் மிகும்போது நிறம் வெளிறும், பாலிப்புகள் சுருங்கும், மேல்புறம் மட்டும் வெள்ளையாகும். ஆனால் வெளிறலுக்கெல்லாம் விளக்கே காரணம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத நீரில் பட்டினி கிடக்கும் பவளமும் வெளிறும். வெளிச்சம் கூடும்போது கால்சியமும் காரத்தன்மையும் வேகமாகச் செலவாகும் என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்; விளக்கை மாற்றிய வாரங்களில் காரத்தன்மையை வழக்கத்தைவிட அடிக்கடி சோதிப்பது நல்லது.

ஒளியே தேவைப்படாத பவளங்களும் உண்டு. சூரியப் பவளம் என்று பெயர் பெற்ற டியூபஸ்ட்ரியாவின் திசுவில் பாசி கிடையாது. டெண்ட்ரோநெஃப்தியா என்ற அழகிய மென்பவளத்திலும் கிடையாது. இவற்றை எவ்வளவு சிறந்த விளக்கின் கீழ் வைத்தாலும் இரை ஊட்டாவிட்டால் பட்டினியால் இறக்கும். பெயரையும் நிறத்தையும் பார்த்து இவற்றைத் தொடங்குபவருக்கு விற்பது வருந்தத்தக்கது.

ஒளியை ஒழுங்காகக் கையாண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் மீன்காட்சியகம் சான்று. கடலின் பருவகால வெப்பநிலை, பகலின் நீளம், நிலவின் வளர்பிறை தேய்பிறை ஆகியவற்றைத் தொட்டியில் அப்படியே பின்பற்றி, அக்ரோபோரா இனங்களைச் செயற்கைச் சூழலில் முட்டையிடச் செய்த முறையை அங்குள்ள ஆய்வாளர்கள் 2017-இல் விரிவாக வெளியிட்டார்கள். 2019-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மீன்காட்சியகத்தில், அழியும் நிலையிலுள்ள அட்லாண்டிக் தூண் பவளம் இதே வழியில் முட்டையிட்டது. 29.5 நாள் சுழற்சியில் மங்கலாக எரியும் ஒரு சிறு நிலவு விளக்கு அந்த ஏற்பாட்டில் இன்றியமையாத உறுப்பு. வீட்டுத் தொட்டியில் இவ்வளவும் வேண்டியதில்லை. ஆனால் இரவு முழுவதும் அலங்காரத்துக்காகப் பளிச்சென்று நீல விளக்கை எரியவிடுவது, பவளம் காலத்தைக் கணிக்கும் முறையையே குழப்பக்கூடும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கல்பவளங்கள் அனைத்தும் அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை. அவற்றை வாங்கும்போது, கடலில் எடுத்தவையா, தொட்டியில் துண்டு நட்டு வளர்த்தவையா என்று கேட்பதோடு, இதுவரை எந்த அளவு வெளிச்சத்தில் இருந்தன என்றும் கேட்க வேண்டும். பொறுப்புள்ள விற்பனையாளரிடம் அதற்கு ஓர் எண் இருக்கும். விளக்குத் தயாரிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: விளக்கிலிருந்து காற்றில் எடுத்த ஒற்றை உச்ச அளவை விளம்பரப்படுத்துவதை விட்டுவிட்டு, தண்ணீர் நிறைந்த தொட்டியில் 15, 30, 45, 60 சென்டிமீட்டர் ஆழங்களில், நடுவிலும் ஓரங்களிலும் எடுத்த முழு வரைபடத்தைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும்.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வாரமே விளக்கு வாங்கக் கிளம்பியிருக்கும் வாசகர்கள் இருப்பார்கள். ஆகவே லிட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கை விலக்கிக்கொண்டு, மூன்று வகைப் பவளங்களுக்கும் உரிய பார் அளவுகளையும், நீருக்குள் அளக்க வேண்டும் என்ற குறிப்பையும் அடுத்த ஞாயிறு இணைப்பின் அதே பக்கத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேற்கொண்டு எழுத இடம் இருக்குமானால், ஒரு தொட்டியை அளந்து வரைபடம் தயாரிக்கும் முறையைப் படங்களுடன் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்